கண்ணாடிப் பேப்பர் பைகள்

எனக்கு எதையும் சும்மா பார்க்கத் தெரியாது. பேக்கரியில் பிஸ்கட் வாங்கினால் கடைக்காரர் முன்னாலேயே பொட்டலத்தைத் திருப்பி உடைசல் இருக்கிறதா என்று பார்ப்பேன். பஸ்ஸில் உட்கார்ந்தால் ஜன்னல் கம்பியில் எந்தத் திருகு தளர்ந்திருக்கிறது என்று கை தானாகத் தேடும். "உங்கக்கா கோயிலுக்குப் போனாலும் விபூதிய வெரல்ல தேச்சுப் பாப்பா, நல்லாச் சலிச்சிருக்காங்களா இல்லையான்னு" என்று என் கணவர் என் தங்கையிடம் சொல்லிச் சிரிப்பார். அவருக்கென்ன, இதே ஊட்டி மலையில் வெலிங்டனில் ஒரு அலுவலகத்தில் கோப்புகளோடு வேலை. நான் அரவேணுப் பக்கம் ஒரு தேயிலை பேக்டரியில் தரம் பார்க்கிறவள். சந்தேகப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

அந்த வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் பின்னால் நான் அடித்த கூத்து புரியாது. அரைபட்டுக் காய்ந்து வரும் தேயிலையில் இலைக்காம்பின் நாரும் குச்சியும் கலந்திருக்கும். பெரும்பாலானதை இயந்திரமே இழுத்துவிடும். மிச்சத்தை, ஓடுகிற பெல்ட்டின் இரண்டு பக்கமும் நின்று பெண்கள் கையால் பொறுக்குவார்கள். அவர்கள் ஒழுங்காகப் பொறுக்குகிறார்களா என்று எப்படித் தெரிந்துகொள்வது? பின்னால் போய் நின்று முறைத்துப் பிரயோஜனமில்லை. முறைக்கிற நேரத்தில் எல்லோரும் நன்றாகத்தான் பொறுக்குவார்கள். அதனால் நான் கொஞ்சம் நாரை எடுத்து, எனக்கு மட்டும் அடையாளம் தெரிகிற மாதிரி ஒரு நுனியில் சாயம் தொட்டு, எண்ணி வைத்துக்கொண்டு, யாரும் பார்க்காதபோது பெல்ட்டின் தலைப்பில் தூவிவிடுவேன். கடைசியில் பொறுக்கிய குப்பையைக் கிளறி, என் நார் எவ்வளவு திரும்பி வந்தது என்று பார்ப்பேன். திரும்பி வராததைத் தேடி எடுக்கும்வரை அந்தச் சரக்கு வெளியே போகாது. பெண்களுக்கு இது தெரியும். "என்னங்க மேடம், இன்னிக்கு நாரு போட்டாச்சுங்களா?" என்று நேராகவே கேட்பார்கள். நான் பதில் சொல்லமாட்டேன்.

இந்த வேலையில் இரண்டு தப்புதான் உண்டு. கெட்டதை விட்டுவிடுவது ஒன்று. நல்லதைக் கெட்டது என்று கழித்துவிடுவது இன்னொன்று. முதலாவதைக் குறைக்கப் பார்த்தால் இரண்டாவது ஏறும், இரண்டாவதை அமுக்கினால் முதலாவது தலைதூக்கும். இரண்டுக்கும் நடுவில் தராசு முள்ளை நிறுத்திவைப்பதற்குள் என் தலைமுடி பாதி நரைத்துவிட்டது.

என் தங்கை என்னைவிட ரொம்பச் சின்னவள். கீழே சமவெளியில் ஒரு விமான நிலையத்தில், ஒரு விமானக் கம்பெனிக்காகப் பைகளை எக்ஸ்ரேயில் பார்ப்பவள். பயணிகள் பெரிய பைகளை ஒப்படைப்பதற்கு முன்னால் ஒரு இயந்திரத்துக்குள் அனுப்புவார்களே, அதன் திரைக்கு முன்னால் அவள் உட்கார்ந்திருப்பாள். பையில் ஆபத்து ஒன்றுமில்லை என்று அவள் தலையாட்டினால்தான் பக்கத்தில் நிற்பவர் பிளாஸ்டிக் நாடாவைக் கட்டுவார். அதற்கு முன்பு ஊட்டியில் ஒரு ரிசார்ட்டில் வரவேற்பில் இருந்தாள். நாள் முழுக்கச் சிரித்துச் சிரித்துத் தாடை வலிக்கிறது என்று அழுவாள். இந்த வேலை கிடைத்த அன்று, "இங்க சிரிக்க வேண்டியதில்லக்கா, பாத்தாப் போதும்" என்றாள். அவள் அவ்வளவு சந்தோஷமாகப் பேசி நான் அதற்கு முன் கேட்டதில்லை.

அப்படிப்பட்டவள் போன வருடம் மழை மாதத்தில் ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். முகம் வீங்கியிருந்தது. லீவா என்று கேட்டேன். "மெசின்ல இருந்து எறக்கி விட்டுட்டாங்கக்கா" என்றாள்.

நடந்தது இதுதான். பார்ப்பவர்களின் கண்ணைச் சோதிக்க, மேலிடத்திலிருந்து சிலபேர் பயணிகள் மாதிரியே வருவார்களாம். பைக்குள் வெடிபொருள் போலத் தெரிகிற போலிக் கட்டி ஒன்றை வைத்து வரிசையில் நிற்பார்களாம். சுற்றுலா வந்த புருஷன் பெண்டாட்டி மாதிரி இரண்டு பேர் வந்திருக்கிறார்கள். அவர்கள் பையை இவள் பார்த்துத் தலையாட்டிவிட்டாள். நாடா கட்டி முடித்த பிறகு அவர்கள் அடையாள அட்டையை எடுத்து நீட்டியிருக்கிறார்கள். இவளை இறக்கிவிட்ட உத்தரவில் காரணம் என்ற இடத்தில் ஒரே வார்த்தை: கவனக்குறைவு. அடுத்த வாரம் மறுபடி சோதனை. அதிலும் தவறினால் வேலை போய்விடும்.

எனக்குக் கோபம் வந்தது. தங்கைமேல் இல்லை, அந்த வார்த்தைமேல். கவனக்குறைவு என்பது ஒரு காரணமே கிடையாது. மேலே யோசிக்கச் சோம்பல்படுகிறவர்கள் எழுதுகிற வார்த்தை அது. எங்கள் பேக்டரியில் யாராவது எனக்கு அப்படி எழுதிக் கொடுத்தால் திருப்பி அவர்கள் கையிலேயே திணித்துவிடுவேன். ஏன் கவனம் குறைந்தது? எப்போது குறைந்தது? எல்லாப் பைக்கும் குறைந்ததா, இந்தப் பைக்கு மட்டுமா? இதையெல்லாம் கேட்காமல் ஒரு பிள்ளையை எழுப்பி ஓரமாக உட்கார வைத்திருக்கிறார்கள்.

கோபம் அடங்கியதும் வேறு ஒன்று பிடித்துக்கொண்டது. எனக்கு அந்த வேலையைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும் என்று ஒரே குடைச்சல். சாப்பிடும்போதும் துணி மடிக்கும்போதும் அவளைக் கேள்வி கேட்டே சாகடித்தேன். திரையில் எல்லாம் எப்படித் தெரியும்? இரும்பு நீலமாகத் தெரியுமாம். துணி, சோப்பு, சாப்பாடு, மரம் எல்லாம் ஆரஞ்சு. இரண்டுக்கும் நடுவில் இருப்பது பச்சை. கனம் கூடக் கூட நிறம் கறுக்கும். வெடிமருந்தும் ஆரஞ்சு, வெல்லமும் ஆரஞ்சு.

"திடீர்னு மெசினே பொய்யா ஒரு கத்தியக் காட்டும்க்கா. பையில இருக்காது, படத்துல மட்டும் இருக்கும். நாம முழிச்சிட்டு இருக்கமான்னு பாக்கறதுக்கு. பட்டனை அமுக்குனா, கரெக்ட்டுன்னு சொல்லிட்டு மறைஞ்சுபோகும்" என்றாள்.

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. "அட, என்ற நாரு!" என்று கத்தினேன். யாரோ எங்கேயோ உட்கார்ந்து நான் செய்வதையே கம்ப்யூட்டரில் செய்து வைத்திருக்கிறார்கள். என் கணவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கி, "அம்மிணி, உங்கக்காளுக்கு ஒரு ராயல்டி கேட்டு எழுதிப் போடோணும்" என்றார்.

ஆனால் யோசிக்க யோசிக்க ஒரு வித்தியாசம் உறுத்தியது. என் பெல்ட்டில் உண்மையான நார் தினமும் வரும். பொறுக்குகிற பெண்ணுக்குத் தான் தேடுவது கிடைத்துக்கொண்டே இருக்கும், அதில் ஒரு திருப்தி உண்டு. என் தங்கைக்கு அப்படி இல்லை. அவள் தேடுகிற நிஜமான பொருள் அவள் ஆயுசுக்கும் வராமலே போகலாம். வரவே கூடாது என்றுதான் எல்லோரும் வேண்டிக்கொள்கிறோம். வராத ஒன்றுக்காக நாள் முழுக்கக் கண்ணை விரித்து வைத்திருப்பதென்றால் கண் எப்படிப் பழகும்? எதற்குப் பழகும்? இந்தக் கேள்வி என்னை விடவில்லை.

மறுநாள் கோத்தகிரியில் ஸ்டேஷனரிக் கடைக்குப் போய், பூங்கொத்து சுற்றுகிற கண்ணாடிப் பேப்பர் ஆரஞ்சு, நீலம், பச்சை என்று வாங்கி வந்தேன். கூடவே ஒரு கட்டு ஒளி ஊடுருவுகிற பிளாஸ்டிக் ஃபைல். எங்கள் முன்னறை ஜன்னல் தேயிலைச் சரிவைப் பார்த்திருக்கும். அந்த வாரம் முழுக்கப் பனிமூட்டம். கண்ணாடிக்கு வெளியே சரிவும் தெரியவில்லை, மரமும் தெரியவில்லை, வெறும் வெள்ளை. அதைவிட நல்ல திரை எங்கே கிடைக்கும்?

கத்தரிக்கோலை எடுத்து உட்கார்ந்தேன். செருப்புக்கு ஆரஞ்சில் ஒரு வடிவம், பக்கிளுக்கு நீலத்தில் ஒரு துணுக்கு. சட்டைக்கு ஒரு மெல்லிய தாள், நான்கு சட்டை என்றால் ஒன்றன்மேல் ஒன்றாக நான்கு தாள். நிறம் தானாகக் கறுத்தது. சார்ஜர், சீப்பு, டிபன் பாக்ஸ், குடை. தங்கை பக்கத்தில் உட்கார்ந்து, "ஷூ இப்டி இருக்காதுக்கா, குதிகால்ல கறுப்பா ஒரு பட்டை வரும்" என்று திருத்தினாள். ஒவ்வொரு ஃபைலும் ஒரு பை ஆனது. அவள் சமையலறைக்குப் போன நேரமாகப் பார்த்து, சில ஃபைல்களில் மட்டும் ஒரு கட்டியைச் செருகினேன். ஆரஞ்சில் பல மடிப்பு, அதன் ஓரத்தில் நூல் மாதிரி ஒரு நீலக் கோடு. என் நார்.

பிறகு ஒவ்வொன்றாக ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிப் பிடித்தேன். "போலாம்" அல்லது "நிறுத்து", இரண்டே வார்த்தைதான் அவள் சொல்ல வேண்டும். போலாம் என்றால் கட்டிலில் இந்தப் பக்கம், நிறுத்து என்றால் அந்தப் பக்கம் ஃபைலைப் போடுவேன். இயந்திரத்திலிருந்து இறக்கிவிடப்பட்ட பிள்ளை, ஜன்னலைப் பார்த்ததும் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தாள்.

நன்றாகவே செய்தாள். டிபன் பாக்ஸுக்குப் பின்னால் ஒளித்ததைப் பிடித்தாள். குடைக்குள் சுருட்டி வைத்ததைப் பிடித்தாள். ஆனால் சிலதை விட்டாள். விட்டது கொஞ்சமாக இருந்தாலும் விட்டது விட்டதுதானே. முதலில் கண் களைப்பு என்று நினைத்து, நடுநடுவே டீ போட்டுக் கொடுத்து ஓய்வு விட்டுப் பார்த்தேன். மாற்றமில்லை. கட்டிகள் அரிதாக வருவதால் மனம் தூங்கிவிடுகிறதோ என்று கட்டியை அதிகமாக்கிப் பார்த்தேன். அப்போதும் அதே மாதிரி ஒன்றிரண்டு நழுவியது. மூன்றாம் நாள் எனக்குப் பொறுமை போய்விட்டது.

"கண்ணு முன்னாடி இருக்கறது தெரியலியாடி உனக்கு? கொஞ்சமாச்சும் கவனமாப் பாரு புள்ள" என்று கத்திவிட்டேன்.

கவனம் என்ற வார்த்தையை என் வாயாலேயே சொல்லிவிட்டேன். அவள் முகம் சிவந்தது. எழுந்து நின்றாள்.

"நீ மட்டும் பெரிய கவனமாக்கும். உங்கூட்டு டீ டப்பாவுல இருக்கறது உன்ற பேக்டரித் தூளா?"

"பின்ன?"

"நான் வந்த அன்னிக்கே தீந்துபோச்சு. பஸ் ஸ்டாண்டு பொட்டிக்கடையில வாங்குன தூசித் தூளைக் கொட்டி வெச்சிருக்கேன். அன்னிக்கிருந்து அதைத்தான் குடிச்சிட்டு இருக்கே. நேத்து சாயந்தரம் இன்னொரு கப்பு கேட்டே."

நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் பேப்பரால் முகத்தை மறைத்துக்கொண்டார். அவருக்கு முதல் நாளே தெரிந்திருக்கிறது.

தினமும் பேக்டரியில் வெள்ளைக் கோப்பைகளை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றையும் உறிஞ்சித் துப்பி, இது வாடல் போதவில்லை, இது சூடு அதிகம் என்று தீர்ப்புச் சொல்கிறவள் நான். டப்பாவைத் திறந்து ஒரு சிட்டிகை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். பார்த்தவுடனே தெரிந்தது. நாரும் தூசியும் சரிபாதி. எங்கள் பெல்ட்டில் வந்திருந்தால் அங்கேயே நிறுத்தியிருப்பேன். அவமானமாக இருந்தது. கூடவே, அடக்க முடியாத சிரிப்பும் வந்தது. நான் சிரிக்கவும் அவளும் சிரித்துவிட்டாள்.

சிரித்து முடித்த பிறகு அந்தத் தூளைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஏன் தெரியவில்லை எனக்கு? நாக்கு கெட்டுப்போகவில்லை. அதே வாரம் பேக்டரியில் ஒரு சரக்கைச் சரியாகத்தான் கழித்தேன். வீட்டு டப்பா என்பதால் நான் குடித்தேனே தவிர ருசி பார்க்கவில்லை. டப்பாவைத் திறக்கும்போதே 'நம்ம டீ' என்று மனசு சொல்லிவிட்டது. சொன்ன பிறகு நாக்குக்கு என்ன வேலை?

எழுந்துபோய்க் கட்டிலில் கிடந்த ஃபைல்களில் அவள் விட்டதை மட்டும் பொறுக்கி எடுத்தேன். ஒவ்வொன்றாக ஜன்னலில் பிடித்துப் பார்த்தேன். சாக்லேட் பாளங்கள், வர்க்கி பிஸ்கட் டப்பா, டீத்தூள் பாக்கெட், தைலப் பாட்டில். எல்லாமே ஊட்டிச் சாமான். நான் இந்த மலையில் இருப்பவள், கத்தரித்ததில் பாதி அப்படித்தான் வந்திருக்கிறது. அந்தப் பைகளில் ஒளித்த கட்டிகள்தான் நழுவியிருந்தன. வேறு எதுவும் நழுவவில்லை.

"அன்னிக்கு அந்த ரெண்டு பேரு பையில என்ன இருந்துச்சு?"

அவள் வர்க்கி ஃபைலை என் கையிலிருந்து வாங்கினாள்.

"சாக்லேட்டு. நெறைய. வர்க்கி. ஸ்கிரீன்ல பாத்ததும் எனக்கு வாசமே வந்துருச்சுக்கா. 'ஊட்டி போயிட்டு வர்றீங்களாங்க'ன்னு சிரிச்சுக்கிட்டே கேட்டேன். அந்தப் பொம்பளையும் சிரிச்சாங்க. அத்தோட விட்டுட்டேன்."

மற்றவர்களுக்கு அடர்த்தியான ஆரஞ்சுப் பாளம் என்றாலே நிறுத்திப் பார்க்கத் தோன்றும். இவளுக்கு அது ஊர். கூடப் பார்க்கிற வடக்கத்திப் பையன்கள் சந்தேகப்பட்டு நிறுத்திய பைகளைக்கூட, "அது சாக்லேட்டுதான், விடுங்க" என்று இவள்தான் சொல்லி அனுப்பிவைப்பாளாம். அதில் அவளுக்கு ஒரு பெருமையும் இருந்திருக்கிறது. இந்த மலையில் பிறந்தவள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு அது.

அதற்குப் பிறகு பயிற்சி மாறியது. பெயர் சொல்லக் கூடாது என்று சட்டம் போட்டேன். சாக்லேட் என்று நினைக்கக் கூடாது, வர்க்கி என்று நினைக்கக் கூடாது. நிறம், கனம், ஓரம், பக்கத்தில் என்ன ஒட்டியிருக்கிறது, அவ்வளவுதான். இடது கீழ் மூலையில் ஆரம்பித்து, பெல்ட்டில் நாங்கள் தேயிலையைப் பார்க்கிற மாதிரி, எப்போதும் ஒரே வழியில் கண்ணை ஓட்ட வேண்டும். "ஆரஞ்சு, கெட்டி, ஓரம் நேரு. ஆரஞ்சு, கெட்டி, ஓரம் நேரு, ஒட்டுனாப்ல நீலம்... நிறுத்து!" என்று வாய்விட்டுச் சொல்லிப் பழகினாள். முதல் நாள் எல்லாப் பையையும் நிறுத்தினாள். 'நிறுத்து' பக்கத்து அடுக்கு சரிந்து தரையில் விழுந்தது. நல்லதைக் கழிப்பதும் தப்புதான், வரிசை விமான நிலைய வாசலுக்குப் போய்விடும் என்று அதட்டினேன். மெதுவாக முள் நடுவுக்கு வந்தது.

சோதனைக்கு முந்தின நாள் மலையிறங்கக் கிளம்பும்போது, "நான் சோதிக்க வர்றவிய கிட்ட இதைச் சொல்லீரலாம்னு இருக்கேன்" என்றாள்.

"எதை?"

"ஊர்ச் சாமான்னா என்ற கண்ணு விட்டுருதுன்னு. எனக்கு இப்டின்னா மத்தவங்களுக்கும் இருக்கும்ல?"

"பைத்தியமா உனக்கு?" என்றேன். எங்கள் பேக்டரியில் ஒரு தராசு தப்புக் காட்டுகிறது என்று தெரிந்தால் சிவப்பு அட்டை கட்டி ஓரமாக வைத்துவிடுவோம். சரிசெய்த பிறகும் அதை யாரும் முழுசாக நம்புவதில்லை. இவள் கழுத்தில் இவளே அட்டையை மாட்டிக்கொண்டு போகிறாளே! "பாஸ் பண்ணு, வாய மூடிட்டு வேலையப் பாரு. தப்புன்னா அது எம்மேலயே இருக்கட்டும்" என்றேன். தப்பை ஒளிக்காதே என்று பெல்ட்டுப் பெண்களிடம் மாதாமாதம் கூட்டம் போட்டுப் பேசுகிற அதே வாய்தான். என் கணவர் அவள் பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். "சொல்லோணும்னா சொல்லு அம்மிணி. உங்கக்கா டீயக் கண்டுபுடிக்காதவ" என்றார்.

அவள் சொல்லிவிட்டாள். சோதனை முடிந்து, தேறிவிட்டாய் என்று சொன்ன பிறகு, எழுந்து போகாமல் உட்கார்ந்து சொல்லியிருக்கிறாள். சோதனை நடத்திய அதிகாரி வடக்கத்திப் பெண்மணி, கண்டிப்பானவர். இவள் சொன்னதைக் கோப்பில் குறித்திருக்கிறார். அவ்வளவுதான், போச்சு என்று இவள் நினைத்திருக்கிறாள். அவர் மற்றவர்களை வரிசையாகக் கூப்பிட்டு, உன் ஊர் எது, உன் ஊரிலிருந்து ஜனங்கள் என்ன கொண்டுபோவார்கள் என்று கேட்டுவிட்டு, அடுத்த சில நாட்களில் அந்தந்தச் சாமானை வைத்தே பை தயார் செய்து அனுப்பியிருக்கிறார். நெசவு ஊர்க்காரர் புடவைக் கட்டுக்குள் இருந்ததை விட்டார். தென்னந்தோப்புப் பக்கத்துப் பையன் தேங்காய்க்கு நடுவில் இருந்ததை விட்டான். அதன்பிறகு யாரும் கவனக்குறைவு என்று எழுதவில்லையாம். தங்கைக்கு இயந்திரம் திரும்பக் கிடைத்தது.

போனில் இதைக் கேட்டபோது நான் பேக்டரியில் இருந்தேன். பெல்ட்டுச் சத்தத்துக்கு மேலே "அப்டியா! அப்டியா!" என்று கத்திக்கொண்டிருந்தேன். பெண்கள் பொறுக்குவதை விட்டுவிட்டு என்னையே பார்த்தார்கள். அன்று நார் போட்டிருந்தால் ஒன்றுகூடத் திரும்பி வந்திருக்காது. எனக்குத் தலைகால் புரியவில்லை. நான் சொன்னதைக் கேட்காமல் போனதற்காகவே அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

இதை இதோடு முடித்திருப்பேன். ஆனால் சில வாரம் கழித்து ஒரு மத்தியானம் மறுபடி கூப்பிட்டாள். குரல் சரியில்லை. மறுபடி ஏதாவது விட்டுவிட்டாயா என்றுதான் முதலில் கேட்டேன்.

"இல்லக்கா. ஒண்ணும் விடல."

எங்கள் மலைப் பக்கத்து அம்மா ஒருவர் வந்திருக்கிறார். கொலக்கம்பைப் பக்கம் எஸ்டேட்டில் இலை பறிக்கிறவர். மகளின் பிரசவத்துக்கு அவள் வீட்டுக்குப் போகிறார், முதல் விமானப் பயணம். இரண்டு வரிசை இருந்திருக்கிறது. பேச்சுச் சத்தத்தில் இவள் எந்த ஊர் என்று கண்டுகொண்டு, நீளமான இந்த வரிசைக்கே மாறி வந்து நின்றிருக்கிறார். பை திரையில் வந்தது. இவள் மூலையில் ஆரம்பித்துப் பார்த்தாள். நிறம், கனம், ஓரம். நடுவில் ஒரு கெட்டியான உருண்டை, அதில் ஏதோ கம்பி மாதிரி. நிறுத்து என்றாள்.

பையைத் திறக்கச் சொன்னதும் அந்த அம்மா தானே திறந்து கொடுத்திருக்கிறார். வரிசையே வேடிக்கை பார்த்தது. ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தார்கள். பழைய சேலைகளைக் கிழித்துக் குழந்தைக்குத் தைத்த துணிகள், பிரசவ மருந்துக்குச் சுக்கும் திப்பிலியும், கருப்பட்டி உருண்டைகளைப் போட்டுக் கம்பி மூடி இறுக்கின ஒரு ஜாடி. அவ்வளவுதான். இவள் மன்னிப்புக் கேட்டு, ஒவ்வொரு துணியாக மடித்து, இருந்தபடியே திரும்ப அடுக்கிக் கொடுத்திருக்கிறாள்.

என் தொழிலில் இதற்குப் பெயர் உண்டு. நல்லதைக் கழித்தது, இரண்டாவது வகைத் தப்பு, இவ்வளவுக்குள் இருந்தால் பரவாயில்லை. ஆனால் நாங்கள் கழிக்கிற நல்ல தேயிலை எங்களிடம் எதுவும் சொன்னதில்லை.

"அந்தம்மா என்ன சொன்னாங்க?" என்று கேட்டேன்.

"திட்டலக்கா. திட்டியிருந்தாப் பரவால்ல. 'நம்ம ஊருப் பொண்ணுன்னுதாங்க கண்ணு உன்ற வரிசையில வந்து நின்னேன்'னாங்க. அவ்ளோதான். பையத் தூக்கிட்டுப் போயிட்டாங்க."

நீ செய்தது சரிதான் என்று சொன்னேன். அவளுக்கும் அது தெரியும்.

"அடுத்த பை உள்ள வந்துருச்சுக்கா. அழுதா ஸ்கிரீன் தெரியாதில்ல? அதனால அப்ப அழுவல" என்றாள். "இப்பத்தான் ஆளு மாத்தி விட்டாங்க."

பிறகு அழ ஆரம்பித்தாள். போனை வைக்கவில்லை. நானும் வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.